ரா டெனிம் ஜீன்ஸ்: உடுத்திப் பழக்குவதும் துவைப்பதும்

என் முதல் ரா டெனிம் ஜீன்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, கட்டில் ஓரமாகத் தரையில் நிறுத்திப் பார்த்தேன். கையை எடுத்த பிறகும் நின்றது. அட்டை போன்ற விறைப்பு. நீலம் என்று சொல்ல முடியாத அளவுக்குக் கறுத்த நிறம். போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் முழங்காலுக்குப் பின்னால் குத்தியது. புதுச் செருப்பு கடிப்பது போலத்தான். இரண்டு வாரத்தில் குத்தல் நின்றது. சில மாதங்களில் தொடையில், முழங்காலில், பர்ஸ் வைக்கும் பையில் என்று நான் உட்காரும் விதமும் நடக்கும் விதமும் துணியில் வெளுப்பாகத் தெரிய ஆரம்பித்தன. அந்த ஜீன்ஸ் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆனால் அதைச் சீக்கிரமே இழந்தேன். காரணம், "ரா டெனிமைத் துவைக்கவே கூடாது" என்று படித்ததை அப்படியே நம்பியது. புதிதாக வாங்குகிறவர்களுக்கு அந்த இழப்பு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், இந்தத் துணி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது புரிந்துவிட்டால் பாதி விதிகளை நீங்களே ஊகித்துவிடலாம்.

கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான ஜீன்ஸ்கள் தைத்து முடித்த பிறகு தொழிற்சாலையிலேயே துவைக்கப்பட்டு, கல்லோ என்சைமோ போட்டு வெளுக்கப்பட்டு, மென்மையாக்கப்பட்டு வருகின்றன. ரா டெனிமுக்கு இந்தச் சலவை கிடையாது. சாயமும் கஞ்சியும் துணியில் இருக்கும்போதே வெட்டித் தைத்து விற்கிறார்கள்.

டெனிமில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. அதனால்தான் ஜீன்ஸின் வெளிப்புறம் நீலமாகவும் உள்புறம் வெளிறியும் இருக்கிறது. தறியின் இழுப்பில் பாவு அறாமல் இருக்க அதற்குக் கஞ்சி ஏற்றுவார்கள். நெசவாளர் தெருக்களில் பருத்திப் பாவை நீளமாக நீட்டிக் கஞ்சி தடவிக் காயவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆலையில் அதையே இயந்திரம் செய்கிறது. உங்கள் ஜீன்ஸ் விறைப்பாக நிற்பது பெரும்பாலும் இந்தக் கஞ்சியால்தான்.

அடுத்து சாயம். டெனிமுக்குப் போடுவது அவுரி நீலம். இன்று கிட்டத்தட்ட எல்லாமே செயற்கை அவுரி. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் 1897இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவுரிச் சாயம் தண்ணீரில் கரையாது. அதைக் கரையும் நிலைக்கு மாற்றித்தான் நூலை முக்குவார்கள். தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப்பட்டதும் நம் கண்முன்னே நீலமாகும். கயிறு போல் சேர்த்த நூல்கற்றையை முக்கி, காற்றுக்குக் காட்டி, மறுபடி முக்கி, இப்படிப் பலமுறை செய்வார்கள். அப்படியும் சாயம் நூலின் மேல்பகுதியில்தான் படிகிறது, நடுப்பகுதி வெள்ளையாகவே இருந்துவிடுகிறது. மேல்நூல் தேயத் தேய உள்ளே இருக்கும் வெள்ளை தெரிகிறது. ரா டெனிமின் அழகு முழுவதும் இந்தத் தேய்மானத்தில் இருக்கிறது. எங்கே அதிகம் உரசுகிறதோ அங்கே வெளுக்கும், உரசாத இடம் கருநீலமாகவே நிற்கும்.

சரி, வாங்கும்போது என்ன பார்ப்பது?

லேபிளில் 'சான்ஃபரைஸ்டு' என்று இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். அமெரிக்கரான சான்ஃபர்ட் க்ளூயெட் 1930இல் காப்புரிமை பெற்ற முறை இது. துணியை ஆவியும் அழுத்தமும் கொடுத்து முன்கூட்டியே சுருக்கிவிடுவார்கள். இப்படிச் செய்த துணி வீட்டில் துவைக்கும்போது 1 முதல் 3 சதவீதம்தான் சுருங்கும். செய்யாத துணி 7 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். 34 அங்குலக் கால் நீளம் உள்ள ஜீன்ஸில் 8 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் அங்குலம் போய்விடும்! முதல்முறை வாங்குகிறவர்கள் சான்ஃபரைஸ்டு துணியே வாங்குங்கள் என்பது என் கருத்து. அளவு தப்பினால் ஏற்படும் வருத்தம் பெரியது.

துணியின் கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு சதுர கஜத் துணியின் எடை அது. 14 அவுன்ஸ் என்றால் சதுர கஜத்துக்கு ஏறக்குறைய 400 கிராம். 21 அவுன்ஸ், அதற்கு மேலும் உண்டு; குளிர் நாட்டுக்காரர்கள் விரும்பிப் போடுகிறார்கள். சென்னை வெயிலுக்கு 12 அல்லது 13 போதும். நூறு சதவீதம் பருத்தியா என்றும் பாருங்கள். இழுவை நூல் கலந்த துணியில் மடிப்புகள் கூர்மையாக விழாது.

'செல்வெட்ஜ்' என்ற சொல்லும் கண்ணில் படும். பழைய நாடாத் தறியில் நெய்த குறுகிய அகலத் துணியின் ஓரக்கரை அது. ஜீன்ஸின் காலை மடித்தால் வெளித்தையலின் உள்பக்கத்தில் வெள்ளைக் கரையும் பெரும்பாலும் ஒரு சிவப்பு நூலும் தெரியும். ஜப்பானின் ஒகயாமா மாநிலத்தில் கொஜிமா என்ற ஊர் இதற்குப் பெயர்போனது. பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த ஊர், 1960களில் ஜீன்ஸுக்கு மாறியது. அமெரிக்காவில் வட கரோலினாவின் க்ரீன்ஸ்பரோ நகரில் இருந்த கோன் மில்ஸின் வைட் ஓக் ஆலை 2017இன் கடைசியில் மூடப்பட்டுவிட்டது. இந்தியாவில் அகமதாபாத்தின் அர்விந்த் ஆலையும் செல்வெட்ஜ் நெய்கிறது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: செல்வெட்ஜ் என்பது நெசவைப் பற்றியது, ரா என்பது துவைக்காததைப் பற்றியது. செல்வெட்ஜ் அல்லாத நல்ல ரா டெனிமும் உண்டு, துவைத்து விற்கும் செல்வெட்ஜும் உண்டு. கரைக்காக மட்டும் இரட்டை விலை கொடுக்கத் தேவையில்லை.

அளவு பார்க்கும்போது இடுப்பு கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும். மேல் பட்டனைப் போடச் சற்று மூச்சை இழுக்க வேண்டியிருந்தால் சரியான அளவு. சில வாரத்தில் இடுப்பு சுமார் ஓர் அங்குலம் தளர்ந்துவிடும். தொடையிலும் பின்பக்கத்திலும் இறுக்கினால் மட்டும் வாங்காதீர்கள். அங்கே இறுக்கமாக இருந்தால் உட்காரும் ஒவ்வொரு முறையும் கவட்டுத் தையல்தான் அடி வாங்கும்.

முதல் நனைப்பு

சான்ஃபரைஸ்டு துணியானால் நனைக்காமல் நேரடியாகப் போடலாம். கஞ்சி இருக்கும்வரை மடிப்புகள் கூர்மையாக விழும். விறைப்பு தாங்க முடியவில்லை என்றால் சாதாரணத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் காயப்போடுங்கள். கொஞ்சம் மென்மையாகும், குடி முழுகிவிடாது.

சான்ஃபரைஸ் செய்யாத துணியைக் கண்டிப்பாக நனைத்த பிறகுதான் போட வேண்டும். பட்டன்களைப் போட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிக்கச் சுடவைக்கும் தண்ணீரைவிடச் சற்று அதிகச் சூட்டில் ஒரு மணி நேரம் முக்கி வையுங்கள். துணி மிதக்கும், மேலே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி வைத்து அமுக்குங்கள். எடுத்துப் பிழியாமல் தொங்கவிட்டுக் காய்ந்ததும், இன்னொரு முறை அதேபோல். இரண்டு முறையில் சுருங்க வேண்டியதில் பெரும்பகுதி சுருங்கிவிடும்.

எந்த வகையானாலும், கால் நீளத்தைக் குறைக்க டெய்லரிடம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். நனைக்காமல் வெட்டினால் பிறகு சுருங்கிக் குட்டையாகும், வெட்டியதை நீட்ட முடியாது. வெட்டும் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எறிய வேண்டாம்.

போட்டுப் பழக்குவது

முதல் இரண்டு மாதம் முடிந்தவரை தினமும் போடுங்கள். வாரத்துக்கு ஒருநாள் போட்டால் மடிப்பு நிலைக்காது. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும். வேறு தந்திரம் எதுவும் வேண்டாம். உட்காருங்கள், நடங்கள், படி ஏறுங்கள், குத்துக்காலிட்டு எழுந்திருங்கள். இடுப்புக்குக் கீழே, தொடை மடியும் இடத்தில் விசிறி போல் கோடுகள் விழும். ஜப்பானியர் இதற்கு 'ஹிகே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மீசை என்று பொருள். முழங்காலுக்குப் பின்னால் தேனடை போல் கட்டம் கட்டமாக மடியும். கால் கொஞ்சம் நீளமாக விட்டிருந்தால் கணுக்காலுக்கு மேலே அடுக்கடுக்காக மடிப்பு சேரும். இஸ்திரி போடாதீர்கள், மடிப்புகளை அது அழித்துவிடும். உப்புக் காகிதத்தை வைத்துத் தேய்த்து வெளுப்பு வரவழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வரும் வெளுப்பு திட்டுத் திட்டாக இருக்கும், துணியும் மெலியும். பொறுமையாக இருங்கள்.

இந்தக் காலத்தில் சாயம் ஒட்டும், அதற்குத் தயாராக இருங்கள். எங்கள் வீட்டு வெளிர் நிற சோபாவில் நான் உட்காரும் மூலையில் மட்டும் ஒரு நீல நிழல் விழுந்தது, அது முழுதாகப் போகவே இல்லை. வெள்ளை ஷூ, வெளிர் நிறத் தோல்பை, வெள்ளைச் சட்டையின் கீழ் ஓரம், காரின் வெளிர் சீட், எல்லாவற்றிலும் ஒட்டும். மழையில் நனைந்தால் இன்னும் அதிகம். மற்றவர் வீட்டுக்குப் போகும்போது வேறு பேண்ட் போடுவது மரியாதை.

இங்கே நம்மில் பலர் ஒரு பழக்கத்தைக் கையாள்வோம்: புதுத் துணியைக் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று. வினிகரும் அதற்குச் சொல்வதுண்டு. அவுரிச் சாயத்துக்கு இரண்டும் உதவாது. ஒட்டாமல் மேலே நிற்கும் உபரிச் சாயம் உரசியும் நனைந்தும்தான் போகும்.

துவைக்கும் நாட்களுக்கு நடுவே

இரவில் கழற்றியதும் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். வியர்த்த துணியை அலமாரியில் மடித்து வைப்பதுதான் நாற்றத்துக்கு முதல் காரணம். மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி முதுகில் போட்டாலும் போதும்.

சாம்பார் சிந்தினால் ஜீன்ஸ் முழுவதையும் நனைக்க வேண்டியதில்லை. உடனே ஸ்பூனால் மேலோடு வழித்துவிட்டு, ஈரத்துணியால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். எண்ணெய்க் கறை நின்றால் மேலே டால்கம் பவுடரைத் தூவி இரவு முழுவதும் விட்டு, காலையில் தட்டிவிட்டு, சோப்புத் தண்ணீரில் ஒரு சொட்டு தொட்டுத் துடையுங்கள். அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தால் கறை போகும், கூடவே சாயமும் போய் வட்டமாக வெள்ளை தெரியும்.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகும் என்ற யோசனையையும் கேட்டிருப்பீர்கள். வேண்டாம். நம் தோலில் இருந்து வரும் பாக்டீரியாக்களில் பல உறைகுளிரைத் தாங்கிவிடும், ஜீன்ஸை எடுத்துப் போட்டதும் உடல் சூட்டில் மறுபடி பெருகும். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்படியே இருக்கும்.

எப்போது துவைப்பது

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஒரே ரா ஜீன்ஸை 15 மாதம் துவைக்காமல் போட்டார். பேராசிரியர் ரேச்சல் மெக்வீன் அதிலிருந்த பாக்டீரியாக்களை எண்ணினார். பிறகு துவைத்து, 13 நாள் போட்ட பிறகு மறுபடி எண்ணினார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. 2011இல் வெளியான இந்தச் செய்திக்குப் பிறகு "பார்த்தீர்களா, துவைக்கத் தேவையே இல்லை" என்று பலர் பேசினார்கள். ஆனால் அந்தச் சோதனை எண்ணியது பாக்டீரியாக்களைத்தான். துணி எவ்வளவு பலவீனமாயிற்று என்பது வேறு கேள்வி. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் எட்மன்டனின் குளிரில் ஒருவருக்கு வியர்ப்பதும், மே மாதத்தில் பைக்கில் கத்திபாரா சிக்னலில் நிற்கிறவருக்கு வியர்ப்பதும் ஒன்றா?

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். அந்த முதல் ஜீன்ஸை எட்டு மாதம் துவைக்காமல் போட்டேன். ஒருநாள் வண்டியில் ஏறும்போது கவட்டில் மெல்லிய சத்தம். தைத்துக் கொடுக்கச் சொல்லி தெருமுனை டெய்லரிடம் கொண்டுபோனேன். அவர் ஜீன்ஸை உள்ளே திருப்பி, கிழிந்த ஓரத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்தார். நூல் பொடியாக உதிர்ந்தது. "தம்பி, இது கிழியல, இத்துப்போயிருக்கு. இதுல ஊசி நிக்காது" என்றார்.

கிழிவது வேறு, இற்றுப்போவது வேறு. கிழிந்ததைத் தைக்கலாம். வியர்வை உப்பும் பிசுக்கும் தூசியும் நூலுக்குள் இறங்கி, நடக்கும்போதெல்லாம் அரம் போல் அராவி, சுற்றிலும் இற்றுப்போன துணியைப் பிடித்துத் தைக்க இடமே இருக்காது. நல்ல வெளுப்பு வேண்டும் என்று துவைக்காமல் வைத்திருந்தேன். வெளுப்பு வந்தபோது ஜீன்ஸ் இல்லை.

அதனால் மாதக் கணக்கை நம்பாதீர்கள், ஜீன்ஸைப் பாருங்கள். ஓர் இரவு காற்றாட விட்ட பிறகும் நாற்றம் இருக்கிறதா? கவட்டின் உள்பக்கம் தொட்டால் பிசுபிசுப்பாகவோ காய்ந்து விறைத்தோ இருக்கிறதா? இடுப்புப் பட்டையில் வெள்ளையாக உப்புக் கோடு தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் துவைத்துவிடுங்கள். நான் இப்போது முதல் சலவையை ஏறக்குறைய இரண்டு மாதம் போட்ட பிறகு செய்கிறேன், அதற்குள் மடிப்புகள் நிலைத்துவிடுகின்றன. பிறகு கோடையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மற்ற மாதங்களில் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை. வெளுப்பின் கூர்மை கொஞ்சம் குறையலாம். பரவாயில்லை, துணி இருக்கிறது.

துவைக்கும் முறை

காலையில் துவைக்கத் தொடங்குங்கள். கோடையில் மதியம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். அந்தச் சூடு சாயத்தையும் இறக்கும், துணியையும் சுருக்கும். கைக்கு இதமான தண்ணீர்தான் வேண்டும், 30 டிகிரி போதும்.

பைகளைக் காலி செய்து, பட்டன்களைப் போட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி திரவ டிடர்ஜென்ட் கலந்து, நுரை வந்த பிறகு ஜீன்ஸை இறக்குங்கள். டிடர்ஜென்ட் வாங்கும்போது ப்ளீச் இல்லாதது, வெண்மையாக்கும் பொருள் இல்லாதது என்று பார்த்து வாங்குங்கள். வெள்ளைத் துணியைப் பளிச்சென்று காட்டும் அதே பொருள் நீலத்தை மங்கலாக்கும். சொட்டு நீலம் போட்டால் ஜீன்ஸ் நீலமாகும் என்று எண்ண வேண்டாம், அது வெள்ளைத் துணிக்கானது.

அரை மணி நேரம் ஊறட்டும். பிறகு கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள், மாவு பிசைவதைவிட மென்மையாக. கவட்டு, இடுப்புப் பட்டை, கால் ஓரம் மூன்றையும் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். பிரஷ் வேண்டாம். துவைக்கும் கல்லில் அடிக்கவே அடிக்காதீர்கள், அடித்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். தண்ணீர் மை கரைத்தது போல் ஆகிவிடும். முதல்முறை பார்க்கும்போது சாயமே போய்விட்டது என்று தோன்றும். அவ்வளவும் உபரிச் சாயமும் அழுக்கும்தான்.

பிறகு தண்ணீர் ஓரளவு தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். உங்கள் வீட்டில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு சரியாக நுரைக்காது, காய்ந்த பிறகு துணியில் வெள்ளையாகப் படலம் நிற்கும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்தால் மிஞ்சிய சோப்பு நீங்கும். வினிகரின் வேலை அவ்வளவுதான்.

முறுக்கிப் பிழியாதீர்கள். கனத்த டெனிமை முறுக்கினால் நரம்பு போல் கோடுகள் விழும், அந்தக் கோட்டில் சாயம் நிரந்தரமாகப் போய்விடும். வாஷிங் மெஷினில் போட்ட ரா டெனிமிலும் இதே கோடுகளைப் பார்க்கலாம். கட்டாயம் மெஷினில்தான் போட வேண்டும் என்றால் மூன்று நான்கு கைச்சலவைக்குப் பிறகு, தனியாக, மென்மையான சுற்றில், வேகமாகச் சுழற்றாமல் போடுங்கள்.

நீர் சொட்டச் சொட்ட இடுப்புப் பட்டையைப் பிடித்து நிழலில் தொங்கவிடுங்கள். ஈரமாக இருக்கும்போதே உள்தையலையும் வெளித்தையலையும் கீழ்நோக்கி மெல்ல இழுத்துவிட்டால் நீளம் குறையாது. நேர் வெயில் வேண்டாம், திட்டுத் திட்டாக வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைப்பதைத் தள்ளிப்போடுங்கள். 13 அவுன்ஸ் துணி அந்த ஈரக்காற்றில் இரண்டு நாளானாலும் இடுப்புப் பட்டையிலும் பையிலும் காயாது, பூஞ்சை வாடை பிடித்தால் மறுபடி துவைக்க வேண்டிவரும். தவிர்க்க முடியாவிட்டால் பைகளை வெளியே இழுத்துவிட்டு மின்விசிறிக்கு அடியில் போடுங்கள்.

காய்ந்ததும் மறுபடி புதிது போல் இறுக்கும். அரை நாள் போட்டால் தளர்ந்துவிடும். மடிப்புகள் பழைய இடத்திலேயே விழுவதைப் பார்ப்பீர்கள்.

ஒவ்வொரு சலவைக்கு முன்னும் ஜீன்ஸை உள்ளே திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கவட்டுத் தையல் சந்திக்கும் இடம், பின் பையின் மேல் மூலைகள், நடுப் பெல்ட் வளையம், கால் ஓரம். ஜீன்ஸ் என்றாலே பைகள் பிய்யும் என்பது பழைய கதை. நெவாடாவின் ரீனோ ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற டெய்லர் பை மூலைகளில் செம்பு ரிவெட் அடித்ததும், துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873 மே 20 அன்று காப்புரிமை பெற்றதும் அதனால்தான். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் அங்கே துணி மெலிந்திருக்கிறது. ஓட்டை விழும்வரை காத்திருக்காமல் அப்போதே டார்னிங் செய்துவிடுங்கள். உள்ளே ஓர் ஒட்டுத் துணி வைத்து, மேலே நீல நூலில் நெருக்கமாக முன்னும் பின்னும் ஓட்டச் சொன்னால் தெருமுனை டெய்லரே செய்துவிடுவார்.

அந்த ஒட்டுக்குத்தான் ஆரம்பத்தில் வெட்டிய கால் துண்டுகள். அவற்றை அலமாரியில் சும்மா வைத்திருக்காமல் ஒவ்வொரு சலவையின்போதும் ஜீன்ஸோடு பக்கெட்டில் போட்டு, கூடவே காயவையுங்கள். அப்போதுதான் ஜீன்ஸ் சுருங்கிய அளவு துண்டும் சுருங்கியிருக்கும். புதுத் துணியை ஒட்டாக வைத்தால், அடுத்த சலவையில் அது மட்டும் சுருங்கி, சுற்றியுள்ள மெலிந்த துணியை இழுத்துக் கிழித்துவிடும்.